பத்து வீல் டிப்பர் வாங்கலாமா? மூணு வருஷம் சைட்ல ஓட்டிட்டுச் சொல்றேன்

மூணு வருஷம் முன்னாடி எங்க அண்ணனும் நானும் சேர்ந்து ஒரு பத்து வீல் டிப்பர் எடுத்தோம். வண்டியும் லோடும் சேத்து 28 டன், 14 கியூபிக் மீட்டர் பாக்ஸ் பாடி, பிஎஸ் 6 வண்டி, அதாவது புது புகை விதிப்படி வந்தது. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா வாடகை வண்டியிலதான் பொழப்பு ஓடுச்சு. நாங்க பண்றது மண் வேலை, ஒரகடம் படப்பை வாலாஜாபாத் பக்கம் ஃபேக்டரி ஷெட் கட்டுற இடத்துல பள்ளம் எடுக்கறது, கிராவல் கொட்டி மேடாக்கறது, கட்டடம் எழும்புறப்ப ஜல்லி, எம் சாண்ட் இறக்கிக் குடுக்கறது. வாங்குறதுக்கு முன்னாடி எங்க விசாரிச்சாலும் ஷோரூம் ஆளு சொல்றதுதான் காதுல விழுந்துச்சு, சேத்துலயும் புழுதியிலயும் ஓட்டிப் பாத்தவங்க சொன்னது கிடைக்கல, அதனால எனக்குத் தெரிஞ்சதை ஒண்ணு விடாம எழுதறேன். என்ன கம்பெனின்னு போடல. லேலண்ட், டாடா, பாரத்பென்ஸ், ஐஷர்னு நாலு பேருமே இந்த 28 டன்ல வண்டி விக்கறாங்க, நாங்க ஓட்டினது ஒண்ணைத்தான், அதை வச்சுகிட்டு மத்ததை நல்லது கெட்டதுன்னு சொல்ல முடியாது. இந்த வகை வண்டி எந்த சைட்டுக்கு ஆகும் எதுக்கு ஆகாதுங்கறதைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல யூனிட் கணக்கு, ஏன்னா எல்லாரும் தடுக்கி விழற இடம் அதுதான். நம்ம பக்கம் எல்லாமே யூனிட்தான், 100 கன அடி ஒரு யூனிட், 2.83 கியூபிக் மீட்டர் வரும். 14 கியூபிக் மீட்டர் பாடின்னா தலைதட்டி நிரப்பினா கிட்டத்தட்ட 5 யூனிட். ஷோரூம்ல "அஞ்சு யூனிட் வண்டி சார்"னு சொல்லுவாங்க, நாமளும் அப்ப நடைக்கு 5 யூனிட் அடிக்கலாம்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுருவோம். ஆனா எம் சாண்ட் ஒரு யூனிட் சுமாரா நாலரை டன் வரும், தண்ணி சொட்டச் சொட்ட இருந்தா அதுக்கும் மேல. 5 யூனிட்னா இருபத்திரண்டு டன் ஆச்சு. எங்க வண்டி காலியா எடை மேடையில ஏத்தினா 11 டன்னுக்குக் கொஞ்சம் மேல காட்டும். ரெண்டையும் கூட்டினா 33 டன்னைத் தாண்டுது, ஆர்சி புக்குல இருக்கறதோ 28. அதாவது பாடி கொள்ளுற அளவும் சட்டம் விடுற அளவும் ஒண்ணு இல்ல. சட்டப்படி போனா எம் சாண்ட் நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழதான், 3.7 யூனிட் பக்கம்.

இதுவே 2018-க்கு முன்னாடி இன்னும் கம்மி. அந்த வருஷம் ஜூலையிலதான் மத்திய அரசு அச்சு எடை வரம்பை ஏத்துனாங்க, பத்து வீலுக்கு 25 டன்னா இருந்தது 28.5 வரைக்கும் போச்சு, இப்ப கம்பெனிங்க 28-னு போட்டு விக்கறாங்க. அதுக்கு மேல ஏத்தினா மோட்டார் வாகனச் சட்டத்துல 2019-ல பண்ணின திருத்தப்படி 20,000 ரூபாய், கூட இருக்கற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அஞ்சு டன் கூட இருந்தா 30,000 போச்சு, அதோட விட மாட்டாங்க, கூடுதலா இருக்கறதை அங்கயே இறக்கினாத்தான் வண்டி நகரும். நடு ரோட்ல அஞ்சு டன் மணலை இறக்க ஆள் எங்க தேடறது, அதை எங்க கொட்டறது, கொட்டினதைத் திரும்ப யார் அள்ளிட்டு வர்றது.

நாங்க முதல் நாலு மாசம் எல்லாரும் பண்றதைத்தான் பண்ணினோம், அஞ்சு யூனிட், சில நாள் அதுக்கு மேல கும்மாச்சியா. அந்த நாலு மாசத்துல பின்னாடி ஸ்பிரிங் பட்டை ரெண்டு தடவை ஒடிஞ்சுது, பின் டயர் மூணு போச்சு, அதுல ஒண்ணு வண்டலூர் வாலாஜாபாத் ரோட்ல சாயங்காலம் ஷிஃப்ட் விடுற நேரத்துல வெடிச்சு, பக்கத்துல பைக்ல போன பையன் பயந்து மண்ணுல இறங்கிட்டான், அடி படல, ஆனா அந்தப் பையன் முகம் இன்னும் என் கண்ணுல இருக்கு. அன்னிக்கு ராத்திரி அண்ணன் நோட்டை எடுத்து உக்காந்துட்டாரு. கூடுதலா ஏத்தின ஒரு யூனிட்ல கிடைச்சது எவ்வளவு, பட்டைக்கும் டயருக்கும் வண்டி நின்ன நாளுக்கும் போனது எவ்வளவுன்னு வரி வரியா எழுதினாரு. எழுதி முடிச்சதும் எதுவும் பேசல, மறுநாள்ல இருந்து எடைச்சீட்டு இல்லாம வண்டி கிரஷரை விட்டுக் கிளம்பக் கூடாதுன்னு டிரைவர் கிட்ட சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் இதுவரைக்கும் பட்டை ஒடியல. நடை ஒண்ணு ரெண்டு கூட ஆகுது, உண்மைதான், அதைச் சேத்து ரேட் பேசிக்கிறோம். கேக்கற பார்ட்டிக்கு டன் கணக்குல சீட்டைக் காட்டினா அவங்களும் ஒத்துக்கறாங்க, யூனிட் அளவுல நடக்குற சண்டையே இல்ல. லேசா ஈரமான மணல் உப்பி அதிக இடம் புடிக்கும், அளவுல ஏமாறலாம், எடையில வாங்கினா தண்ணிக்கும் சேத்துக் காசு குடுக்கறோம், ரெண்டுலயும் நுணுக்கம் இருக்கு, அது தனிக் கதை.

சரி, ஆறு வீலா பத்து வீலா பன்னெண்டு வீலா. இதுக்கு வண்டியைப் பாக்காதீங்க, சைட் கேட்டைப் பாருங்க. ஊருக்குள்ள வீடு கட்டுற இடம், இருபது அடி தெரு, மேல கேபிள் ஒயர், திரும்ப இடம் இல்லைன்னா ஆறு வீல்தான், ரெண்டரை யூனிட் சட்டப்படி ஏத்தலாம், சந்துல ரிவர்ஸ்லயே போயிட்டு வந்துரும். பன்னெண்டு வீல் 35 டன், நடைக்கு 22 டன் பக்கம் ஏத்தும், தார் ரோட்ல தூரமா அடிக்கற லோடுக்கு அதுதான் லாபம், கிரஷர்ல இருந்து 40, 50 கிலோமீட்டர்னா கண்ணை மூடிட்டு அதை எடுக்கலாம். ஆனா முன்னாடி ரெண்டு அச்சு திரும்பணும், வட்டம் பெருசு. ஒரு சைட்ல பன்னெண்டு வீல் வாடகைக்கு வரச் சொல்லிட்டு, கேட்ல மூணு தடவை முன்ன பின்ன எடுத்துத்தான் உள்ள நுழைஞ்சுது, ஒவ்வொரு நடைக்கும் அதே கூத்து, பின்னாடி கான்கிரீட் லாரி க்யூல நிக்குது, ட்ரம் சுத்திட்டே இருக்கு, அன்னிக்குப் பட்ட பாடு போதும். பத்து வீல் ரெண்டுக்கும் நடுவுல, ஃபேக்டரி சைட்டுக்கு அளவா இருக்கு. மண்ணுக்குள்ள இறங்கி ஏறுறதுக்கும் இதுக்குத்தான் தெம்பு அதிகம்னு எனக்குத் தோணுது, ஏன்னா பன்னெண்டு வீல் மாதிரி நாலு அச்சு இல்ல, மூணே அச்சு, அதுல பின்னாடி ரெண்டும் இழுக்கற அச்சு, எடைல பெரும்பகுதி அது மேலதான் உக்காந்திருக்கு.

அந்த இழுவை எங்க தெரியும்னா பள்ளத்துல இருந்து லோடோட மேல ஏறுறப்ப. சம்ப்புக்கோ பேஸ்மெண்ட்டுக்கோ தோண்டுற சைட்ல ராம்ப் விடறாங்க பாருங்க, அதை நிறைய பேர் அவசரத்துல செங்குத்தா விட்டுருவாங்க. எட்டடிக்கு ஒரு அடி ஏத்தம்னா எங்க வண்டி சிரமம் இல்லாம ஏறுது, அஞ்சுக்கு ஒண்ணுன்னு வந்தா காஞ்ச மண்ணுல ஏறும், நாலு தூறல் விழுந்தா அவ்வளவுதான். டிஃபரன்ஷியல் லாக், அதாவது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சேத்துல சும்மா சுத்தாம ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா சுத்த வைக்கற பூட்டு, இருக்கான்னு வாங்குறப்பவே கேளுங்க, இருந்தா டிரைவருக்கு அதைப் போடத் தெரியுமான்னும் கேளுங்க. வண்டி நிக்கறப்ப போடணும், சேத்தைத் தாண்டினதும் எடுத்துரணும், சக்கரம் சுத்திட்டு இருக்கறப்ப போட்டா உள்ள பல்லு போகும், கெட்டித் தரையில போட்டுட்டே திரும்பினாலும் போகும். வாடகைக்கு வந்த ஒரு வண்டி எங்க கண்ணு முன்னாடியே அப்படிப் போயி ரெண்டு நாள் ராம்ப்ல படுத்துடுச்சு, மொத்த வேலையும் நின்னுச்சு. அதுக்கப்புறம் ராம்ப் மேல கிரஷர் டஸ்ட்டும் ஜல்லியும் கலந்து ஒரு அடி போட்டு ரோலர் விட்டோம். காசு போகுதேன்னு ஓனர் முகம் சுளிச்சாரு, ஆனா அடுத்த மழைக்கு எங்க சைட் மட்டும்தான் ஓடிட்டு இருந்துச்சு.

பாடிக்கு வர்றேன். மண், மணல், ஜல்லின்னா பாக்ஸ் பாடி போதும். குவாரியில இருந்து பாறாங்கல்லு அடிக்கறதா இருந்தா ராக் பாடிதான், தகடு கனமா இருக்கும், பின்னாடி கதவு இல்லாம தூக்கலா இருக்கும். பாக்ஸ் பாடியில பெரிய கல்லை மேல இருந்து போட்டா முதல் மாசமே அடித்தகடு குழி விழும், கதவு வளைஞ்சு மூடாம இடுக்கு வழியா ரோடெல்லாம் மண்ணு சிந்தும். பெருசா 16 கியூபிக் மீட்டர் பாடி கட்டித் தர்றோம்னும் கேப்பாங்க, லேசான காஞ்ச மண்ணு மட்டும் அடிக்கறவங்களுக்குச் சரி, மத்தவங்களுக்கு வேண்டாம், இடம் இருந்தா கை சும்மா இருக்காது, ஏத்திருவோம்.

இப்ப களிமண். இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், உயிர் போற விஷயம். ஐப்பசி மழைக்கு அப்புறம் ஒரு சைட்ல பள்ளம் எடுத்துட்டு இருந்தோம், கீழ சுத்தக் களி, கறுப்பா, வெட்டினா சோப்புக் கட்டி மாதிரி பளபளன்னு வரும். மண் அள்ளுற மிஷின் ஓட்டுற ஹிட்டாச்சிக்காரர் வாரி வாரி வச்சாரு, வண்டி கொட்டுற இடத்துக்குப் போச்சு, டிரைவர் அண்ணன் பிடிஓ போட்டு, அதான் இன்ஜின் சக்தியை ஜாக்கிக்குத் திருப்பறது, பாடியைத் தூக்கினாரு. பாதி தூக்கினப்ப பின்பக்கத்து மண்ணு மட்டும் பொதக்னு விழுந்துச்சு, முன்பக்கத்துல இருக்கறது அப்படியே தகட்டுல ஒட்டிகிட்டு நிக்குது. அவரு இன்னும் தூக்கினாரு. ஏழெட்டு டன் மண்ணு ஜாக்கி உச்சியில தொங்குது, கீழ தரை இடது பக்கம் ஒரு சாண் தாழ்வு, நான் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன், இடது பக்கப் பின் டயர் ரெண்டும் மெதுவா மண்ணுல அமுங்குறது தெரியுது, பாடி சாயுது. நான் கத்தினது அவருக்குக் கேட்டுச்சோ இல்ல அவருக்கே தெரிஞ்சுதோ, லீவரை விட்டு இறக்கிட்டாரு. இன்னும் ஒரு கை தூக்கியிருந்தா வண்டி கவுந்திருக்கும். நான் நின்ன பக்கம்தான் கவுந்திருக்கும்.

அன்னிக்கு அப்புறம் சில விஷயம் எங்க சைட்ல மாறாத வழக்கம் ஆச்சு. களி ஏத்துறதுக்கு முன்னாடி பாடியில ரெண்டு பக்கெட் காஞ்ச கிராவலோ டஸ்ட்டோ அடியில விரிச்சுடணும், முன்மூலையில குறிப்பா, அங்கதான் முதல்ல ஒட்டும். ராத்திரி லோடோட வண்டியை நிறுத்தக் கூடாது, காலைக்குள்ள அது சிமெண்ட் மாதிரி உக்காந்துடும். கொட்டுற இடம் சமமா இருக்கணும், இல்லைன்னா ஜேசிபியை விட்டு முதல்ல தட்டிக்கணும், அஞ்சு நிமிஷம் ஆகும், ஆகட்டும். பாதி தூக்கி மண்ணு இறங்கலைன்னா மேல தூக்காதே, இறக்கு. முன்ன பின்ன வண்டியை வெடுக்குனு ஆட்டி உதறாதே. ஒட்டினதைச் சுரண்டணும்னா பாடியை இறக்கி வச்சு மேல இருந்து சுரண்டணும், தூக்கின பாடிக்குள்ளயோ அடியிலயோ யாரும் போகக் கூடாது, அடியில வேலை இருந்தா சப்போர்ட் கட்டை போட்டுத்தான். அப்புறம் கொட்டுறப்ப பக்கவாட்டுல ஒருத்தரும் நிக்கக் கூடாது, நான் உட்பட.

மேல கரண்ட் ஒயர் இருக்கான்னு பாக்கறதும் இதுலயே சேந்தது. பாடி முழுசா தூக்கினா 6 மீட்டர் பக்கம் போகும், நம்ம ஊர்ல வயக்காட்டு மேல போற லைன் நிறைய இடத்துல தொய்வா இருக்கு. கொட்டி முடிச்சுட்டுப் பாடியை இறக்காமலே கிளம்புற டிரைவரும் உண்டு, அதுக்காக இப்ப வர்ற வண்டியில பஸ்ஸர் கத்துது, அந்த ஒயரைப் புடுங்கி விட்டுருக்கானான்னு செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க கட்டாயம் பாருங்க. ரிவர்ஸ் ஹாரனும் அதே மாதிரிதான். மத்தியானம் சாப்பிட்டுட்டு லாரி நிழல்ல துண்டை விரிச்சுப் படுக்கற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட இருக்கு, பாவம் வெயிலுக்கு வேற நிழல் இல்ல, நாங்க தனியா ஒரு கூரைப் பந்தல் போட்டுக் குடுத்தோம், அப்பவும் டிரைவர் அண்ணன் வண்டியைச் சுத்தி ஒரு நடை நடந்து பாக்காம ஸ்டார்ட் பண்ண மாட்டாரு. அப்படிச் சுத்தறப்பவே ரெட்டை டயருக்கு நடுவுல கல்லு மாட்டிருக்கான்னும் பாத்து, இருந்தா கம்பி வச்சு நெம்பி எடுத்துருவாரு. ரோட்ல வேகமா போறப்ப அது தெறிச்சுப் பின்னாடி வர்ற பைக்காரன் மேல பட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

பிஎஸ் 6 பத்தி நிறைய பேர் பயப்படறாங்க. யூரியா ஊத்தணும், அதான் ஆட்புளூ, அது தீந்தா வண்டி இழுக்காது, அது தெரிஞ்ச விஷயம், ஒரு கேன் எப்பவும் கேபின்ல இருக்கும். அதை விடப் பெரிய தொல்லை புகைக் குழாயில இருக்கற ஃபில்டர். நீளமா ஓடுற வண்டியில அது தானா சூடாகிக் கரியை எரிச்சுக்கும், சைட்டுக்குள்ளயே ரெண்டு கிலோமீட்டர் போயிட்டு வந்து, மீதி நேரம் லோடுக்கு ஆன்லயே நிக்கற வண்டியில எரியாது, கரி சேந்துட்டே போகும், விளக்கு எரியும். எங்களுக்கு முதல் தடவை விளக்கு வந்தப்ப ஒரு வாரம் கண்டுக்காம ஓட்டிட்டோம், அப்புறம் வண்டி சர்வீஸுக்குப் போய் மூணு நாள் வரல. இப்ப விளக்கு வந்த அன்னிக்கே வண்டியை ஓரமா நிறுத்தி பட்டனை அமுக்கி எரிய விட்டுருவோம், காஞ்ச புல்லு, சருகு இல்லாத இடமா பாத்து, ஏன்னா குழாய் அந்த நேரம் அவ்வளவு கொதிக்கும். லோடுக்கு நிக்கறப்ப இன்ஜினை ஆஃப் பண்ணணும்னு சொன்னதும் டீசலும் மிச்சம் ஆச்சு. ஏர் ஃபில்டரைப் புக்குல போட்டிருக்கற கிலோமீட்டர் வரைக்கும் காத்திருக்காதீங்க, நம்ம புழுதிக்கு அது ஆகாது, நாங்க தினம் காலைல தட்டிப் பாக்கறோம்.

எத்தனை வண்டி வேணும்னு கேக்கறவங்களுக்கு ஒரு கணக்கு. ஹிட்டாச்சி ஒரு வண்டியை நிரப்ப எவ்வளவு நேரம், அந்த வண்டி போய்க் கொட்டிட்டுத் திரும்ப வந்து நிரப்பி முடியற வரைக்கும் மொத்தம் எவ்வளவு நேரம், ரெண்டையும் வகுத்தா வண்டி எண்ணிக்கை. எங்க சைட்ல 20 டன் மிஷின் நிரப்ப 6 நிமிஷம், ஒரு சுத்து 36 நிமிஷம், ஆறு வண்டி போதும். இதே இடத்துல அதுக்கு முன்னாடி ஒன்பது வண்டி போட்டிருந்தாங்க, எப்பவும் மூணு வண்டி மரத்தடியில நிக்கும், நாள் வாடகை ஓடிட்டு இருக்கும். வண்டி கம்மியானா அதை விட மோசம், மிஷின் மணிக்கணக்கு வாடகை, அது கையைத் தூக்கிட்டு சும்மா நிக்கும். ஒரு நாள் காலைல வாட்சை வச்சுகிட்டு அஞ்சு நடை பாத்தீங்கன்னா கணக்கு கையில வந்துரும். இன்னொண்ணு, வெட்டின மண்ணு உப்பும். பள்ளத்து அளவுல 100 யூனிட்னா லாரியில 125, 130 யூனிட் வரும். பில்லு பள்ளத்து அளவுல வாங்கிட்டு வாடகையை லாரி அளவுல குடுக்கறவங்க இதை விட்டுட்டா லாபம் மொத்தமும் அந்த உப்பலோட போயிரும், நான் பாத்த ரெண்டு மூணு சின்ன காண்ட்ராக்டர் அப்படித்தான் கடன்ல விழுந்தாங்க.

டிரைவருக்கு நடைக்கு இவ்வளவுன்னு படி குடுக்கற பழக்கம் எங்ககிட்டயும் இருந்துச்சு, நிறுத்திட்டோம். நடைக் கணக்குன்னா அவரு பறந்துதான் ஆகணும், பள்ளிக்கூடம் விடுற நேரம்னு பாக்க முடியாது. இப்ப மாசச் சம்பளம், நாளுக்கு இவ்வளவு படி, வண்டி ஒரு மாசம் கீறல் இல்லாம இருந்தா தனியா ஒரு தொகை. கேபின்ல ஏசி வச்ச வண்டி எடுத்தோம், அது ஆடம்பரம் இல்ல, சித்திரை வெயில்ல இன்ஜின் சூட்டுல பத்து மணி நேரம் உக்காந்து பாருங்க தெரியும். மத்தியானத்துக்கு மேல அவரு முகத்துல அந்தக் களைப்பு இல்ல, நானே பாக்கறேன்.

வாங்கறதா வாடகையான்னா, புதுசு நாப்பது லட்சத்தைத் தாண்டிரும், 2025 செப்டம்பர் 22-ல இருந்து லாரிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதம் ஆனது பெரிய உதவி. மாசத்துல இருபது நாளாவது உங்க சொந்த வேலை இருந்தா வாங்குங்க, இல்லைன்னா தவணை தேதி வர்றப்ப தூக்கம் வராது. வாடகைக்கு எடுக்கறவங்க ரேட் பேசுறதுக்கு முன்னாடி வண்டியைப் போய்ப் பாருங்க, டயர், பிரேக், எஃப்சி, இன்ஷூரன்ஸ், நடைச்சீட்டு (மண்ணு, ஜல்லி ஏத்திட்டுப் போற அனுமதிச் சீட்டு) யார் பொறுப்பு, வண்டி நின்னா மாத்து வண்டி எத்தனை மணி நேரத்துல வரும்னு பேப்பர்ல எழுதி வாங்குங்க. எங்களுக்கு மூணு வருஷத்துல லோடோட லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் பக்கம் குடுக்குது, சைட்டுக்குள்ளயே சுத்தினா அதுவும் வராது.

தை பொறந்ததும் ரெண்டாவது வண்டி எடுக்கறதா இருக்கோம். அதுவும் பத்து வீல்தான், அதே 14 பாடி, டிஃபரன்ஷியல் லாக் இருக்கணும், பாடிக்குள்ள முன்மூலை சதுரமா இல்லாம வளைவா இருக்கணும், களி ஒட்டாம இருக்க. டிரைவர் அண்ணனையும் ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போறோம், அவரு ஓட்டிப் பாத்து சரின்னா அட்வான்ஸ் குடுப்போம்.